இடும்பாவனத்தார் நிறுத்தி வைத்த தோடி

கோவிந்தராஜு செத்து, கருமாதியும் முடிந்து, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல நாங்கள் பூவராகன் வீட்டு மாடியில் கூடி நாயனக்காரர் இடும்பாவனத்தாரின் தோடி நாடாவைப் போட்டுக் கேட்டபோது, அதுவரைக்கும் வெறும் நாடா இரைச்சல் மட்டுமே இருந்த இடத்தில் கோவிந்தராஜு இருமினான். மன்னார்குடியில் அந்த இருமலைத் தெரியாதவர்கள் கிடையாது. முதலில் ஒரு கனைப்பு, பிறகு இரண்டு வறட்டு இருமல், கடைசியில் யாரோ தன்னைத் திட்டிவிட்டதுபோல ஒரு 'ஹ்ம்'. அச்சாபீஸ் வைத்திருந்தவன், மை வாசனையிலேயே வாழ்ந்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். நாங்கள் யாரும் எழுந்து ஓடவில்லை. பூவராகன் மட்டும் கையை நீட்டி மெஷினை நிறுத்தி, நாடாவைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி இன்னொரு தடவை போட்டார். கோவிந்தராஜு இன்னொரு தடவை இருமினான்.

"போயும் சளி போகல பாருங்க" என்றார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் தர்மலிங்கம்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. ஊரில் பிளேட்டுக் கிறுக்குகள் என்பார்கள். பழைய இசைத்தட்டு, ஸ்பூல் நாடா, யாரோ ஒரு ரசிகர் எந்தக் காலத்திலோ பிடித்து வைத்த கச்சேரி என்று எங்கே வாசம் அடித்தாலும் அங்கே போய் நிற்கிற ஜாதி. இழவு வீட்டுக்குப் போனாலும் எங்கள் கண் பிணத்தைப் பார்க்காது, பரணைத்தான் பார்க்கும். எங்களுக்குள் காசு பேசுவது அசிங்கம். பொருளுக்குப் பொருள்தான். நான் ஒரு ராகம் தந்தால் நீ ஒரு ராகம் தர வேண்டும். ஒரு நாடா எந்தப் பொருளுக்கு மாற்றாக வந்ததோ அந்தப் பொருளுக்குரியவருக்கே அது சொந்தம், இடையில் பேரம் பேசித் தூக்கிக்கொண்டு வந்தவனுக்குச் சொந்தமில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கோர்ட்டைவிடக் கறார். நகல் கேட்டால் கொடுப்போம், ஆனால் வால் நறுக்கிக் கொடுப்போம். கடைசியில் கொஞ்சத்தை வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவதற்கு அந்தப் பெயர். முழுசு நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்ற நினைப்பில் நிம்மதியாகத் தூங்குவதற்காக அப்படிச் செய்வது. சொந்த மச்சானுக்குச் சிறுநீரகத்தையே தூக்கிக் கொடுத்த எங்கள் நடேசன், அதே மச்சானுக்கு ஒரு காம்போதியை வால் நறுக்கித்தான் கொடுத்தான்.

பூவராகன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் பேசுவதையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, மனிதர் பேச்சு என்றாலே அவருக்கு ஆகாமல் போய்விட்டது. கச்சேரி நாடாக்களில் களையெடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருமல், தும்மல், பிள்ளை அழுகை, 'பேஷ்', வளையல் சத்தம், சொம்பு உருளும் ஒலி என்று வித்வானைத் தவிர என்ன இருந்தாலும் பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு, ஒட்டுத் தெரியாமல் ஒட்டிவிடுவார். அவர் கைபட்டு வந்த நாடாக்களில், வித்வான் யாருமே பிறக்காத ஒரு உலகத்தில் தனியாக உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். கேட்கக் கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

தோடி நாடாவின் கதை இது. பரவாக்கோட்டைப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் இடும்பாவனம் சாரங்கபாணி பிள்ளை நாயனம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையுள்ளவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டரைப் பந்தல் காலோரம் வைத்திருக்கிறார். பிள்ளை தோடியை எடுத்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு சுரமாகத் தட்டிக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டு போகிறார், கூட்டமோ பாயசத்துக்கு முந்திரி போதவில்லை என்ற பெரும்பிரச்சினையைப் பேசிக்கொண்டிருக்கிறது, பிள்ளை பாதியில் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொல்கிறார்: "கேக்குறதுக்கு ஆள் வரட்டும். வந்ததும் வாசிக்கிறேன்." அதோடு சரி, அதற்கப்புறம் ஸ்பூல் முடிகிறவரை இரைச்சல்தான். அந்த மழைக்காலத்திலேயே பிள்ளை காலமாகிவிட்டார். உயிரோடிருந்தவரை ஒரு இசைத்தட்டுக்கூடக் கொடுக்காத மனிதர். உலகத்தில் அவர் வாசிப்பு என்று இருப்பது அந்த அரைத் தோடி மட்டும்தான்.

அந்த வீட்டு மருமகள் நாடாவுக்கு மாற்றாக ஒரு கிரைண்டர் கேட்டாள். பூவராகன் நேரே வீட்டுக்கு வந்தார், தன் மனைவி செங்கமலம் ஆசைப்பட்டு வாங்கியிருந்த கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார், நாடாவோடு திரும்பி வந்தார். செங்கமலம் அரசு ஆஸ்பத்திரியில் நர்சு. ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால் அடுப்படியில் கிரைண்டர் இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு கறை, மாடியில் நாயனச் சத்தம். மேலே ஏறி வந்து, நாங்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ராகம் பாதியில் நின்று பிள்ளை பேசுகிறவரை பொறுத்திருந்து, "அரைத் தோடிக்கு முழுக் கிரைண்டரா?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு அவர் ஓய்வு பெறுகிறவரை ஆட்டுக்கல்லில்தான் மாவரைத்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லி மட்டும் தவறாமல் உள்ளே போனது.

அந்த நாடாவில்தான் கோவிந்தராஜு இருமினான். பூவராகன் வழக்கப்படி பிளேடை எடுத்து இருமலை நறுக்கி எறிந்தார். அடுத்த ஞாயிறு இருமல் திரும்ப அதே இடத்தில் இருந்தது. மறுபடியும் நறுக்கினார், மறுபடியும் இருந்தது. வெட்டிப்போட்ட துண்டுகளை ஒட்டிப் போட்டுப் பார்த்தால் அவற்றில் ஒன்றுமே இல்லை. இதையாவது பொறுத்துக்கொண்டோம். டொராண்டோவில் இருக்கிற ஒரு சேகரிப்பாளர் போன் போட்டு, "நீங்க அனுப்புன தோடியில கடைசியில யாரோ இருமுறாங்களே, யாரது?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு வேர்த்தது. ஏனென்றால் அவருக்கு அனுப்பியது வால் நறுக்கிய நகல், பிள்ளை பேசுவதுகூட அதில் கிடையாது. சென்னையில், பினாங்கில், பாலக்காட்டில் என்று நாங்கள் வால் நறுக்கிக் கொடுத்த அத்தனை நகல்களுக்கும் பல்லிக்கு முளைப்பதுபோல வால் முளைத்திருந்தது. செத்தவன் இருமியதைவிட இதுதான் எங்களை அதிகம் உலுக்கியது.

பிறகு தர்மலிங்கம் போனார். காரியங்கள் முடிந்த ஞாயிறன்று நாங்கள் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் சீக்கிரமே வந்துவிட்டோம். நாடா ஓடியது. பிள்ளை நிறுத்தினார், ஆள் வரட்டும் என்றார், கோவிந்தராஜு இருமினான், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, தர்மலிங்கத்தின் குரல் "தள்ளி உக்காருய்யா" என்றது. அப்போது, எங்கள் ஆயுசில் முதல்முறையாக, நாயனம் மறுபடியும் எழுந்தது. ஒரே ஒரு பிடி, தோடியின் காந்தாரத்தை ஒரு தடவை அசைத்துக் காட்டிவிட்டு ஓய்ந்தது. ஆனால் அந்த ஒரு அசைவு, இத்தனை வருஷம் நாங்கள் கேட்ட எல்லாத் தோடியையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. நடேசன் தரையில் குப்புறப் படுத்து அழுதான்.

அன்றைக்கே எங்களுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கேட்க ஆள் சேரச் சேரத் தோடி வளரும்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கோவிந்தராஜுவின் பெண்டாட்டி தூக்குச்சட்டியில் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தர்மலிங்கத்தின் மகன் வந்து மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அப்பா, அந்த வயக்காட்டுப் பத்திரத்த எங்கப்பா வச்சிருக்கீங்க?" என்று நாடாவைப் பார்த்துக் கேட்டான், ராகம் நடக்கும்போது குடும்பத்துக்குப் பதில் சொல்லும் பழக்கம் தர்மலிங்கத்துக்கு உயிரோடிருந்தபோதே கிடையாது. சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் எங்கள் கூட்டத்து ஆட்களுக்கு மட்டும் 'இயற்கை எய்தினார்' போய் 'தோடிக்குச் சென்றார்' வந்தது. லாரி புக்கிங் ஆபீஸ் முருகையன், தூண் மாதிரி இருந்த மனிதர், தர்மலிங்கம் போன அதே வருஷம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, கல்யாணத்துக்குப் போகிற மனிதரை வெறும் வெள்ளைத் துணியில் எப்படி அனுப்புவது என்று அவர் வீட்டார் பட்டுக்கரை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து, பாக்கெட்டில் மொய்க் கவர் வைத்து அனுப்பினார்கள். சுடுகாட்டு வெட்டியான்கூட அந்தக் கவரைத் தொடவில்லை. முருகையன் போன பிறகு தோடி சரசரவென்று வளர்ந்து, மேல் ஷட்ஜத்துக்கு ஏறி, அங்கே போய் அப்படியே நின்றது. இறங்கவில்லை. ஸ்பூல் முடிகிறவரை அந்த ஒற்றைச் சுரம் எரிந்துகொண்டே இருந்தது, அதன் அடியில் செத்தவர்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அப்படி ஒரு சுரத்தைக் கேட்டுவிட்டால் மனிதனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. நடேசன் சிகரெட்டைக் கூட்டினான். பூவராகன் சிரித்த முகமாக இருக்க ஆரம்பித்தார். அதுதான் செங்கமலத்துக்கு முதலில் உதைத்தது.

ஒரு ஞாயிறு, காப்பி டம்ளர்களை எடுக்க மாடிக்கு வந்தவர், அலமாரியிலிருந்த காலி ஸ்பூல் டப்பாக்களில் ஒன்றைத் தற்செயலாகத் தட்டிவிட்டார். டப்பா திறந்து மாத்திரைகள் தரையெல்லாம் உருண்டன. பிரஷருக்கானவை, சர்க்கரைக்கானவை. அடுத்த டப்பாவைத் திறந்தார், அதிலும் மாத்திரை.

"என்னாங்க இது?"

பூவராகன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். வேளா வேளைக்கு நான் உங்க கையில குடுக்குறேன், நீங்க கொண்டாந்து டப்பாவுக்குக் குடுக்குறீங்களா?"

"மேல் ஷட்ஜத்துல நிக்கிறாரு செங்கமலம்" என்றார் பூவராகன், குழந்தை மாதிரி. "இன்னும் ஒரு ஆள் போனா எறங்கிடுவாரு."

"அந்த ஆள் நீங்களா?"

"யாராவது போகணும்ல?"

"அப்ப நான்?"

"நீ என்ன?"

"நான் எங்க போறதுன்னு கேக்குறேன்" என்றார் செங்கமலம். "எனக்குத் தோடியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. கேக்க வர்றவங்களத்தான் அந்தக் கல்யாணத்துல சேக்குறாங்க. நீங்க எல்லாரும் அங்க போயி உக்காந்துடுவீங்க. இங்கதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என்னக் கீழ விட்டுட்டு மாடிக்கு வந்தீங்க. செத்தும் கீழயே விட்டுட்டுப் போறீங்களா?"

பூவராகனுக்கும் செங்கமலத்துக்கும் குழந்தை கிடையாது. அவரவர் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டோம் என்று சொன்னால் அது பொய். நாங்கள் அந்த ஷட்ஜத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அந்த வாரத்தில் ஒரு நாள், பூவராகன் கரண்ட் பில் கட்டப் போயிருந்த நேரத்தில், மாடியில் நாடா ஓடும் சத்தம் கேட்டது. செங்கமலம் தானே போட்டிருக்கிறார். தோடி முழுக்க ஓடி, ஷட்ஜத்தில் வந்து நின்றதும் அவர் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி வார்டில் அடம்பிடிக்கிற நோயாளிகளிடம் பேசுகிற குரல்.

"கோவிந்தராஜு அண்ணே, ஒங்க இருமலுக்கு எத்தன தடவ பால்ல மஞ்சத்தூள் போட்டுக் குடுத்திருப்பேன்? தர்மலிங்கம் சார், முருகையண்ணே, உங்களுக்குந்தான். எத்தன இட்லி, எத்தன காப்பி. அந்த நன்றிக்காவது அவரக் கூப்புடாதீங்க. கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ சாப்பிட்டியா செங்கமலம்னு அந்த மனுசன் கேட்டதில்ல. இருந்தாலும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

இருமல் நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் உள்ளே வந்ததும் வகுப்பு அடங்குவதுபோல அந்தக் கல்யாணப் பந்தல் அடங்கியது. பிறகு ஷட்ஜமும் நின்றது. ஒரு குரல், எங்களுக்கெல்லாம் மனப்பாடமான அந்தக் கோபமில்லாத குரல், அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னது.

"யாரு பேசுறது? உக்காரும்மா."

கிளிக் என்று மெஷின் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செங்கமலம் என்னைக் கூப்பிட்டார். "சேது அண்ணே, அந்த நாயனக்காரர் என்னைய உக்காரச் சொல்றாருண்ணே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு செங்கமலம் தன் கண்முன்னால் மாத்திரையை விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பூவராகனை விட்டார். எங்களையும் விடவில்லை. பிரஷர் பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஐப்பசி மாதத்து ஒரு காலையில் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு, உப்பக் கொறைங்கண்ணே" என்றவர், அப்படியே சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் அவர் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். பட்டையில் இருந்த காற்று மெல்ல இறங்கி முடிந்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்தவருக்கு யாரும் பிரஷர் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணும் பூவராகன் மேலேயே இருந்துவிட்டது.

காரியங்கள் முடிந்தன. பூவராகன் மாடிக்குப் போகவில்லை. ஒரு ஞாயிறு போனது, இன்னொன்று போனது. நடேசனுக்குப் பொறுக்கவில்லை, நானும் அப்படி ஒன்றும் யோக்கியன் இல்லை. போய் உட்கார்ந்தோம்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம் அண்ணே" என்றான் நடேசன்.

"அவ அங்க இல்லன்னா?" என்றார் பூவராகன். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. "அவளுக்குத் தோடி தெரியாதே நடேசா. அங்க இல்லன்னா, அவ எங்க இருப்பா? நான் எங்க போயித் தேடுவேன்? இத்தன நாளும் அங்க போகணும் போகணும்னு கெடந்தேன். இப்ப அங்க போனாலும் அவ இல்லாத எடமா இருந்துச்சுன்னா?"

பயந்த மனிதரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினோம். நானே நாடாவைக் கோத்துப் போட்டேன். பிள்ளை நிறுத்தினார். ஆள் வரட்டும் என்றார். இருமல், நாற்காலி, காந்தாரம், முருகையனின் பெருமூச்சு, ஏற்றம், ஷட்ஜம். நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பூவராகன் கண்ணை இறுக மூடியிருந்தார். அப்போது டம்ளர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. அந்த வளையல் சத்தத்தை அவர் எத்தனை நாடாக்களில் நறுக்கி எறிந்திருப்பார்.

"என்னாங்க, மாத்திரை போட்டீங்களா?"

நாயனம் நின்றது. இரைச்சல்கூட நின்றது. ஸ்பூல்கள் சுற்றிக்கொண்டிருந்தன, அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு பந்தல் முழுக்க ஆட்கள் பதிலுக்காகக் காத்திருப்பது மட்டும் தெரிந்தது.

"போட்டேன்" என்றார் பூவராகன்.

"பொய் சொல்லாதீங்க."

அவர் எழுந்தார். கீழே போனார். சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, மெஷினுக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாயனம் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. பூவராகன் நாற்காலியில் விழுந்து, "இருக்கா, இருக்கா" என்று சொல்லிக்கொண்டே விம்மி விம்மி அழுதார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் ரகளை. டொராண்டோக்காரர் போனில் கத்தினார்: யாரோ ஒரு அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறார், தோடி அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது, என்ன அநியாயம் இது. "போட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "போடுங்க, நகரும்" என்றேன். பினாங்கிலிருந்து கேட்டார்கள், பாலக்காட்டிலிருந்து கேட்டார்கள். தன் வாழ்நாளில் மன்னார்குடியைத் தாண்டிப் போகாத செங்கமலம், ஒருத்தரையும் விடாமல் பெயர் சொல்லிக் கேட்டார். மாத்திரை தேவையில்லாதவர்களிடம், "டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்றார். பிளேட்டுக் கிறுக்குகள் உலகம் முழுக்க ஒழுங்காக மருந்து சாப்பிட்டார்கள். நடேசன் சிகரெட்டை விட்டான். எங்கள் கூட்டத்தில் சாவே நின்றுபோனது.

சாவு நின்றதால் தோடியும் நின்றது. ஷட்ஜத்திலேயே நின்றது.

டொராண்டோக்காரர் கடைசியாக ஒரு பேரம் பேசினார். இடும்பாவனத்தாரின் குருநாதர் வாசித்த ஒரு தட்டு அவரிடம் இருந்தது. உலகத்தில் வேறு பிரதி இல்லாதது, பூவராகன் இளம் வயதிலிருந்து கனவில் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தந்துவிடுவதாகவும், மாற்றாக மூல நாடாவிலிருந்து அந்த அம்மாள் குரலை மட்டும் களையெடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கோவிந்தராஜுவின் இருமல் திரும்பி வந்ததைச் சொன்னேன். அதெல்லாம் ஏதோ நாடாக் கோளாறு, ஒழுங்காக வெட்டினால் வராது என்றார். நடேசன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா மேல மரியாததான், ஆனாலும் தோடி தோடிதானேண்ணே" என்றான்.

பூவராகன் மேஜையைத் திறந்து பிளேடை எடுத்தார். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த நாடா எதுக்கு மாத்தா வந்துச்சு?"

"கிரைண்டருக்கு."

"கிரைண்டர் யாருது?"

எங்கள் சட்டம், நாங்களே போட்ட சட்டம். மாற்றுக் கொடுத்தவருக்கே சொந்தம். அத்தனை வருஷமும் அது செங்கமலத்தின் தோடியாகத்தான் இருந்திருக்கிறது. அவர் வீட்டில், அவர் பொருளைக் கேட்டுக்கொண்டு, அவர் இட்லியைத் தின்றுகொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்திருக்கிறோம். அந்தக் கல்யாணத்தில் அவரை எப்படிச் சேர்த்தார்கள் என்ற கேள்விக்கும் அன்றைக்குத்தான் எங்களுக்கு விடை தெரிந்தது. பூவராகன் பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

பிறகு சில வருஷங்கள், மற்ற ஊர்களில் எல்லாரும் எப்படி வாழ்கிறார்களோ அப்படியே வாழ்ந்தோம். தினம் காலையில் பூவராகன் குளித்துவிட்டு மாடிக்கு வந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாடாவைப் போடுவார். கேள்வி வரும். விழுங்குவார். நாக்கைக் காட்டுவார். இரண்டு இட்லி வாங்கி வந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். நானும் அதே நேரத்தில்தான் என் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் வெற்றிலை வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தேன். ஷட்ஜம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் மாத்திரையோடு அவர் காத்திருந்தார். வளையல் சத்தம் வந்தது.

"என்னாங்க."

"ம்."

"இன்னிக்கு மாத்திரை வேணாங்க."

என் கையிலிருந்த வெற்றிலைக்கட்டு நழுவிக் கீழே விழுந்தது. எந்தச் சொல்லுக்காக ஒரு காலத்தில் டப்பா டப்பாவாக மாத்திரையை ஒளித்து வைத்தாரோ, அந்தச் சொல் வந்தபோது பூவராகன் மாத்திரையை விரல்களால் மூடிக்கொண்டார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். பால்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். அவன் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்தார். பிறகு மாத்திரையை மெஷினின் மூடிமேல் வைத்துவிட்டு, "சேது, அந்தப் பட்டுக்கரை வேட்டி சலவையில கெடக்கு, வாங்கியாந்துர்றியா?" என்றார். நான் வாங்கிக்கொண்டு வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சந்தனம்கூடத் தானே இட்டுக்கொண்டிருந்தார். மூடிமேல் மாத்திரை அப்படியே இருந்தது. அதை இன்றைக்கும் நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்த ஞாயிறு, மிச்சமிருந்தவர்கள் மாடியில் கூடினோம். கோவிந்தராஜுவின் பெண்டாட்டி வந்திருந்தாள், தர்மலிங்கத்தின் மகன் வந்திருந்தான், டொராண்டோக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மூச்சு விடாமல் இருந்தார். மெஷினைப் போட்டேன். பிள்ளை நிறுத்தினார். ஆள் வரட்டும் என்றார். போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தோடி ஏறியது, ஷட்ஜத்தில் நின்றது. இப்போது இறங்கும், இதோ இறங்கப்போகிறது என்று நாங்கள் எல்லாரும் விரலைக்கூட அசைக்காமல் இருந்த அந்த நொடியில், வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தும்மலைக்கூடப் பொறுக்காத பூவராகன், ராகத்துக்கு நட்டநடுவில், பந்தல் முழுக்கக் கேட்கிறமாதிரி உரக்கப் பேசினார்.

"செங்கமலம், நீ சாப்பிட்டியா?"

நாயனம் நின்றது. எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே யாரும் இருமவில்லை. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தார். வளையல் சத்தம் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் வந்து, ஒரு நாற்காலி இழுபட்டு, யாரோ உட்கார்ந்தார்கள்.

"இன்னும் இல்லீங்க. தோடி முடியட்டும், சேந்து சாப்பிடுவோம்."

பிள்ளை நாயனத்தின் சீவாளியை உதட்டில் வைத்து நனைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதன்பின், அவசரமே இல்லாமல், மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கத் தொடங்கினார்.